மேசை மேல வைக்க நல்ல ஸ்பீக்கர்: 3 இன்ச்சா, 5 இன்ச்சா? குழப்பமா இருக்கு, உதவுங்க

நடுநிசி_ரேடியோ:

வணக்கம் மக்களே. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தே பாட்டு கேக்குற ஆளு நான், வேலை பாக்கும்போதும் ஓடும், ராத்திரி எல்லாரும் தூங்குன பிறகு கம்மி சத்தத்துலயும் ஓடும், ஹால்ல பெரிய சிஸ்டம் வைக்கிற ஐடியாவே இல்ல. இப்ப இருக்குறது ஒரு பழைய 2.1 செட், மேல சேட்டிலைட்ங்கற ரெண்டு குட்டி ஸ்பீக்கர், மேசைக்கு அடியில பேஸுக்குன்னு தனியா சப்வூஃபர் பெட்டி. சத்தத்துக்கு குறையே இல்ல, ஆனா ஆம்பளைக் குரல் வந்தா மட்டும் குடத்துக்குள்ள தலைய விட்டுப் பாடுற மாதிரி கேக்குது, பேஸ் கிட்டார்ல எந்த நோட்டு வாசிக்கிறாங்கன்னே தெரியல, எல்லாமே ஒரே 'தும்'.

மேசை 120 செமீ அகலம், 60 செமீ ஆழம், சுவத்தோட ஒட்டிப் போட்டிருக்கேன், நடுவுல 27 இன்ச் கம்ப்யூட்டர் மானிட்டர். ஸ்பீக்கர்லருந்து காதுக்கு ஒரு 70 செமீ இருக்கும். நெட்ல தேடித் தேடி தலைதான் சுத்துது, ஒருத்தர் ஸ்டுடியோ மானிட்டர் (ஸ்டுடியோல வைக்கிற ஸ்பீக்கர்) வாங்குங்கறார், இன்னொருத்தர் அது மிக்ஸிங் பண்றவங்களுக்கு, பாட்டு கேக்க புக்ஷெல்ஃப் (வீட்டுக்குன்னு செய்ற சின்ன ஸ்பீக்கர்)தான்கறார், வூஃபர் கோன் 5 இன்ச்சுக்கு கீழ வாங்கவே கூடாதுன்னு ஒரு கோஷ்டி. எத்தனை வாட்ஸ் பாக்கணும், டாக் (டிஜிட்டல் பாட்ட ஸ்பீக்கருக்கான சிக்னலா மாத்துற பெட்டி) தனியா வேணுமா, இதெல்லாம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. கேம், படம்லாம் முக்கியம் இல்ல, பாட்டு மட்டும்தான், அதுலயும் குரலும் தாளமும் தெளிவா கேக்கணும்.

---

தம்புரா99:

பாஸ், முதல்ல அந்த குடம் மேட்டர். ஆம்பளைக் குரலோட அடிப்படை சுருதி சுமாரா 85லருந்து 180 ஹெர்ட்ஸுக்குள்ள ஓடும். குட்டி சேட்டிலைட் கோன் ரெண்டு இன்ச், ரெண்டரை இன்ச்தான் இருக்கும், அதால அவ்ளோ கீழ இறங்க முடியாது, அதனால 150, 200 ஹெர்ட்ஸுக்கு கீழ உள்ளது மொத்தத்தையும் சப்வூஃபருக்கு தள்ளி விட்டுடுவாங்க. அப்ப என்ன ஆகுது, பாடுறவரோட உதடும் பல்லும் மேசை மேல இருக்கு, நெஞ்சு மேசைக்கு அடியில உங்க முழங்கால் பக்கத்துல இருக்கு. இதுல எந்த ஈக்குவலைசர் போட்டாலும் சரியாகாது, அதனால செட்ட மாத்தணும்ங்கற முடிவு சரிதான்.

ஸ்டுடியோ மானிட்டர், புக்ஷெல்ஃப் சண்டைய விடுங்க. ஸ்டுடியோ மானிட்டர்ல பாட்டு 'வறட்சியா' கேக்கும்னு சொல்றதெல்லாம் சும்மா, நல்லா டிசைன் பண்ண ஸ்பீக்கர் ரெண்டு பேருக்குமே நல்ல ஸ்பீக்கர்தான். உங்களுக்கு ஸ்டுடியோ மானிட்டர் ஏன் வசதின்னா, உள்ளயே ஆம்ப்ளிஃபயர் இருக்கும், பெரும்பாலும் வூஃபருக்கு (கீழ் சத்தம்) ஒண்ணு ட்வீட்டருக்கு (மேல் சத்தம்) ஒண்ணுன்னு தனித்தனியா, கிட்ட உக்காந்து கேக்குறதுக்குன்னே செஞ்சது, பின்னாடி மேசை, சுவருக்கு ஏத்த மாதிரி குறைக்க சுவிட்ச் இருக்கும். கடைசியா சொன்னதுதான் உங்களுக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா உங்க மேசை சுவத்தோட ஒட்டி இருக்கு.

வாட்ஸ் பத்தி கவலையே படாதீங்க. 85 டிபி (டெசிபல்) சென்சிடிவிட்டி உள்ள ஒரு ஸ்பீக்கர எடுத்துக்குங்க, ஒரு வாட் குடுத்தா ஒரு மீட்டர்ல 85 டிபி. நீங்க 70 செமீல இருக்கீங்க, அங்க 88 வரும். அதுவே ராத்திரி வைக்கிற சத்தத்துக்கு பல மடங்கு அதிகம், உலக சுகாதார நிறுவனம் 80 டிபிய வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல கேக்காதீங்கன்னு சொல்லுது. வாட்ஸ ரெண்டு மடங்காக்குனா கூடறது வெறும் 3 டிபி. பெட்டி மேல பிஎம்பிஓன்னு (கண நேர உச்சத்த ஊதிக் காட்டுற கணக்கு) ஆயிரக்கணக்குல போட்டிருந்தா அந்தப் பக்கமே பாக்காதீங்க, ஆர்எம்எஸ் (தொடர்ந்து குடுக்குற பவர்) என்னன்னு மட்டும் பாருங்க.

---

பழைய_ஆம்ப்ளி:

தம்புரா சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன், புக்ஷெல்ஃப விடுங்கன்னு அவ்ளோ ஈசியா சொல்லக் கூடாது. பாசிவ் ஸ்பீக்கர் (உள்ள ஆம்ப்ளி இல்லாதது) ஒரு ஜோடி, சின்னதா கிளாஸ் டி வகை ஆம்ப்ளி ஒண்ணு, இத வாங்கிட்டா நாளைக்கு ஆம்ப்ளி போனா ஆம்ப்ளிய மட்டும் மாத்தலாம், ஸ்பீக்கர் பாட்டுக்கு இருவது வருஷம் ஓடும். ஆம்ப்ளி உள்ளயே இருக்குற ஆக்டிவ்ல அந்த போர்டு போச்சுன்னா பெட்டியோட போச்சு. எனக்கு வீட்ல எல்லாமே பாசிவ்தான், சந்தோஷமா இருக்கேன். என்ன, மேசை மேல ஒரு பெட்டி கூடும், ஒயர் கூடும். ஒயர் போடும்போது பிளஸ் மைனஸ் ஒரு பக்கம் மாறிச்சுன்னா பேஸ் காணாமப் போயிடும், குரல் எங்கருந்து வருதுன்னே தெரியாது, அதையும் பாத்துக்கணும்.

---

மண்டைக்குள்_இசை:

ரெண்டு பேரும் பெட்டியப் பத்தியே பேசுறீங்க, மேசையப் பத்தி யாரும் பேசலயே. ப்ரோ, நீங்க என்ன வாங்கினாலும் அத அப்படியே மேசை மேல வச்சா பாதி காசு வேஸ்ட்.

கணக்கு போட்டே காட்டுறேன். ஸ்பீக்கரோட நடுப்பகுதி மேசையிலருந்து 15 செமீ உயரம், உங்க காது 40 செமீ உயரம், நடுவுல 70 செமீ. நேரா வர்ற சத்தம் 74 செமீ பயணம் பண்ணுது, மேசைல பட்டுத் தெறிச்சு வர்றது 89 செமீ. 15 செமீ வித்தியாசம். அதாவது 1150 ஹெர்ட்ஸ் பக்கம் ரெண்டும் எதிரெதிரா வந்து ஒண்ண ஒண்ணு வெட்டிக்கும், அங்க சத்தத்துல ஒரு பள்ளம் விழும். பாடுறவங்க என்ன வார்த்தை பாடுறாங்கன்னு நமக்குப் புரியவைக்கிற ஏரியா அது, நீங்க கேட்டதே குரல் தெளிவுதான். ட்வீட்டர் காது உயரத்துக்கு வர்ற மாதிரி ஸ்டாண்ட் போட்டா தெறிப்பு சுத்தி வரவேண்டிய தூரம் அதிகமாகும், அந்தப் பள்ளம் 500 ஹெர்ட்ஸுக்கு கிட்ட கீழ இறங்கும், தெறிச்சு வர்ற சத்தமும் பலவீனமாயிடும். ஸ்டாண்டுக்கு இடமில்லன்னா குறைஞ்சபட்சம் மூஞ்சிய காதப் பாத்து அண்ணாந்த மாதிரி சாய்ச்சு வைங்க, மேசையோட முன் விளிம்பு வரைக்கும் இழுத்து வைங்க.

அப்புறம் முக்கோணம். ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல எவ்ளோ தூரமோ அதே தூரம் உங்க தலைக்கும் இருக்கணும். உங்களுக்கு 70 செமீ, 27 இன்ச் மானிட்டரே 60 செமீக்கு மேல அகலம் வரும், அதனால ரெண்டும் மானிட்டரத் தாண்டி வெளிய போய் 80 செமீ ஆகும், பரவாயில்ல, தலைய கொஞ்சம் பின்னாடி தள்ளிக்கலாம். மானிட்டரோட முகத்தவிட ஸ்பீக்கர் முகம் கொஞ்சமாவது முன்னாடி இருக்கணும், உள்ள ஒளிஞ்சிருக்கக் கூடாது.

செட் பண்ணிட்டு டெஸ்ட் இதுதான்: மோனோவா ரெக்கார்ட் ஆன பழைய பாட்டு ஒண்ணு போடுங்க, கண்ண மூடிக்குங்க. குரல் மானிட்டர் நடுவுல ஒரு புள்ளியில தொங்கணும். அகலமா பரவிக் கெடந்தா ஒரு ஸ்பீக்கர் கிட்டயோ தள்ளியோ இருக்கு, டேப் வச்சு அளங்க. அடுத்து மிருதங்கம் உள்ள பாட்டு ஒண்ணு, வலந்தலையும் தொப்பியும் ஒரே ஆளு மடியில இருக்குற ஒரே வாத்தியமா கேக்கணும். உங்க இப்பத்த செட்ல தொப்பி மட்டும் தரையிலருந்து வரும் பாருங்க.

---

நடுநிசி_ரேடியோ:

அடேங்கப்பா, இப்பவே போட்டுப் பாத்தேன், நெசமாவே தொப்பி காலுக்கு அடியிலருந்துதான் வருது. இனிமே இது காதுல விழாம இருக்காது, நன்றின்னு சொல்றதா திட்றதான்னு தெரியல.

சரி, அப்ப 5 இன்ச் வாங்கட்டுமா? பேஸ் கிட்டார் கீழ் ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ்னு படிச்சேன், 3 இன்ச்ல அது வருமா?

---

தம்புரா99:

3 இன்ச்ல 41 வராது. நல்ல 3 இன்ச் சுமாரா 60, 70 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒழுங்கா இறங்கும், 5 இன்ச் 50 பக்கம் போகும். ஆனா 41 ஹெர்ட்ஸ் நோட்டுக்கு மேல 82, 123ன்னு மடங்கு மடங்கா சத்தம் இருக்குல்ல, அத வச்சே மூளை நோட்ட கண்டுபிடிச்சுக்கும். உங்களுக்கு இப்ப நோட்டு தெரியாததுக்கு காரணம் பேஸ் கம்மியா இருக்குறது இல்ல, ஒரே இடத்துல ஊதிப் பெருத்து இருக்குறது.

70 செமீக்கு, ராத்திரி சத்தத்துக்கு, 3லருந்து நாலரை இன்ச் போதும்ங்கறது என் கட்சி. 5 இன்ச் பெட்டிகள்ல ட்வீட்டரும் வூஃபரும் தள்ளி இருக்கும், ரொம்பக் கிட்ட உக்காந்தா ரெண்டும் ஒண்ணா சேராம தனித்தனியா கேக்கும், ஒரு மீட்டர் தள்ளி உக்கார முடிஞ்சா 5 இன்ச்சுக்குப் போங்க, ஜேபிஎல் 305பி, யமஹா எச்எஸ்5 மாதிரி. உங்க மேசைக்கு நான் பாக்கச் சொல்றது: ஐலவுட் மைக்ரோ மானிட்டர், 3 இன்ச், உள்ளயே டிஎஸ்பி (சத்தத்த டிஜிட்டலா சரிபண்ற சிப்), மேசைக்குன்னு தனி சுவிட்ச், அடியில சாய்ச்சு வைக்க மடிப்புக் காலும் உண்டு. காலி எல்பி-யுஎன்எஃப், நாலரை இன்ச், யுஎஸ்பிய நேரா சொருகலாம், பேர்ல இருக்குற யுஎன்எஃப்னா அல்ட்ரா நியர் ஃபீல்ட், அதாவது ரொம்பக் கிட்ட உக்காந்து கேக்கத்தான். பட்ஜெட் டைட்னா எடிஃபயர் எம்ஆர்4. பணம் பிரச்சனையே இல்லன்னா ஜெனலெக் 8010, கையளவு இருக்கும், அதக் கேட்டுட்டு மத்தத கேக்குறது கஷ்டம்.

போர்ட் (பேஸுக்காக பெட்டில விடுற காத்து ஓட்டை) பின்னாடி இருக்குற பெட்டின்னா சுவத்தோட ஒட்டாதீங்க, ஒரு சாண் இடமாவது விடுங்க. முன்னாடி போர்ட் இருந்தாலும் சுவர் பேஸ ஏத்தத்தான் செய்யும், அதுக்குத்தான் பின்னாடி அந்த சுவிட்ச்.

---

ஒயர்மேன்:

ஒரு விஷயம் விட்டுட்டீங்க எல்லாரும். இரைச்சல். இவர் ராத்திரி கம்மி சத்தத்துல கேக்குற ஆளு, 70 செமீல ட்வீட்டர் காத நேராப் பாத்துட்டு இருக்கு, சில ஆக்டிவ் மானிட்டர்கள்ல ஆம்ப்ளியோட 'ஸ்ஸ்ஸ்' பாட்டு நின்ன உடனே நல்லாவே கேக்கும், வால்யூம் குமிழ சுத்தமா மூடினாலும் போகாது. பகல்ல தெரியாது, ராத்திரி உயிர எடுக்கும். ரிட்டர்ன் வசதி இருக்குற இடத்துல வாங்குங்க, வந்த அன்னைக்கு ராத்திரியே ஃபேன ஆஃப் பண்ணிட்டு ஒண்ணும் ஓடாம சும்மா உக்காந்து கேளுங்க.

'ஊம்'னு உறுமுனாலோ மவுஸ் நகர்த்தும்போது 'கிர்ர்'னு கேட்டாலோ அது வேற, கிரவுண்ட் லூப், எர்த் வழியா சுத்தி வர்ற கரண்ட்டால வர்ற இரைச்சல். லேப்டாப் சார்ஜரக் கழட்டிப் பாருங்க, நின்னுச்சுன்னா அதேதான். ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகுங்க, அதுலயும் போகலன்னா பேலன்ஸ்டு அவுட் (ஒயர்ல ஏறுற இரைச்சல நீக்குற இணைப்பு) உள்ள ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (டாக் உள்ளயே இருக்குற பெட்டி) வாங்கி, அதுக்கான டிஆர்எஸ் கேபிள்ல குடுங்க. இந்த மாதிரி தொல்லை இருந்தா மட்டும்தான் டாக் பத்தி யோசிக்கணும், ஹெட்ஃபோன் ஓட்டையிலருந்து சுத்தமா வந்தா அதுவே போதும். கம்ப்யூட்டர்ல வால்யூம் மேல, ஸ்பீக்கர்ல கீழ வைங்க, தலைகீழா வச்சா இரைச்சலும் சேந்து பெருசாகும்.

---

வெறும்காது:

கம்மி சத்தம்னு சொன்னதால ஒண்ணு சேக்குறேன். சத்தம் குறையக் குறைய நம்ம காது பேஸத்தான் முதல்ல கை விடும், 1933லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் இத அளந்து காட்டிட்டாங்க. அதனால எவ்ளோ நல்ல ஸ்பீக்கரா இருந்தாலும் ராத்திரி ஒல்லியாத்தான் கேக்கும், ஸ்பீக்கர் மேல பழி போடாதீங்க. விண்டோஸ்னா ஈக்குவலைசர் ஏபிஓன்னு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, அதுல 120 ஹெர்ட்ஸுக்கு கீழ ஒரு 4 டிபி ஏத்தி 'ராத்திரி'ன்னு ஒரு செட்டிங் வச்சுக்குங்க, ஏத்துன அளவுக்கு அதுலயே ப்ரீஆம்ப்ங்கற மொத்த சத்த அளவ குறைக்க மறக்காதீங்க, இல்லன்னா சத்தம் உடையும். பகலுக்கு ஃப்ளாட், எதையும் ஏத்தாம இறக்காம.

இன்னொண்ணு, ஆட்டோ ஸ்டாண்ட்பை. சில ஸ்பீக்கர் சத்தம் ரொம்பக் கம்மியா இருந்தா பாட்டே ஓடலன்னு நெனச்சு தானா தூங்கிடும், அமைதியான ஆலாபனை நடுவுல டக்குனு கட் ஆகும். அத ஆஃப் பண்ண முடியுமான்னு மேனுவல்ல பாத்துட்டு வாங்குங்க.

---

நடுநிசி_ரேடியோ:

ஐலவுடா காலியான்னு ரெண்டுல நிக்குது இப்ப. எதுவா இருந்தாலும் ஸ்டாண்ட் சேத்து வாங்கிடுறேன். பழைய சப்வூஃபர புதுசோட கோத்துக்கலாமா, இல்ல தூக்கி வச்சிடவா?

---

மண்டைக்குள்_இசை:

தூக்கி வைங்க ப்ரோ. பின்னாடி சப் வேணும்னு தோணுனா 80 ஹெர்ட்ஸுக்கு கீழ உள்ளத மட்டும் வாங்கிக்கற மாதிரி ஒழுங்கான ஒண்ணு பாத்துக்கலாம், அதுக்கு முன்னாடி ஒரு மாசம் சப் இல்லாமலே கேளுங்க.