நியூ ஜெர்சியில் எழுதிய உயில், டெக்சாஸ் வந்த பிறகு

நியூ ஜெர்சி சட்டப்படி கையெழுத்தான உயில் டெக்சாஸிலும் செல்லும். சிக்கல் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது: 'இண்டிபெண்டன்ட்'. இங்கே எழுதும் உயில்களில் 'இண்டிபெண்டன்ட் எக்ஸிக்யூட்டர்' (கோர்ட் மேற்பார்வை இல்லாமல் உயிலை நிறைவேற்றுபவர்) என்றே போடுவார்கள். அப்படி இருந்தால் உயிலை நிரூபித்து, சொத்து விவரத்தைத் தாக்கல் செய்ததோடு கோர்ட் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். வெளிமாநில உயிலில் அந்த வாசகம் பெரும்பாலும் இருக்காது. வாரிசுகள் எல்லோரும் ஒத்துக்கொண்டால் சமாளிக்கலாம். ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் வீட்டை விற்பதற்குக்கூட நீதிபதியின் அனுமதி வேண்டியிருக்கலாம்.

*

கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். சாட்சிகள் நோட்டரி முன் போட்ட அஃபிடவிட் (சத்தியப் பிரமாணம்) இல்லையென்றால், பின்னாளில் நியூ ஜெர்சியில் எடிசனிலோ பிஸ்கேட்டவேயிலோ அந்தச் சாட்சிகளைத் தேட வேண்டும். இன்னொன்று, ஸ்கேன் செய்வதற்காக மூலப்பிரதியின் ஸ்டேப்பிள் பின்னைப் பிரிக்காதீர்கள். பக்கத்தை மாற்றிவிட்டார்கள் என்ற சந்தேகத்துக்கு அதுவே போதும்.

*

பலர் கவனிக்காதது கம்யூனிட்டி பிராப்பர்ட்டி, அதாவது தம்பதியின் பொதுச்சொத்து. டெக்சாஸுக்குக் குடிவந்த பிறகு கணவனோ மனைவியோ சம்பாதிப்பது இருவருக்கும் பொது. நியூ ஜெர்சியில் ஒருவர் தன் பெயரில் சேர்த்தது அவருடைய தனிச்சொத்தாகவே நிற்கும், ஆனால் அதில் இங்கே வந்தபின் கிடைக்கும் வட்டி, டிவிடெண்ட், வாடகை பொதுவில் சேரும். எல்லாம் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் எது எவருடையது என்று காட்டுவது பெரும்பாடு. காட்ட முடியாவிட்டால் பொதுச்சொத்து என்றே சட்டம் கொள்ளும். குடிவந்த மாதத்தின் வங்கி, புரோக்கரேஜ் ஸ்டேட்மென்ட்களை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நியூ ஜெர்சி வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டிருந்தால் அதற்கு அங்கேயே தனியாக ஒரு புரொபேட் (உயிலைக் கோர்ட்டில் நிரூபிக்கும் நடைமுறை) நடத்த வேண்டிவரும். அதைத் தவிர்க்கத்தான் அந்த வீட்டை லிவிங் டிரஸ்டில் (உயிரோடு இருக்கும்போதே அமைக்கும் அறக்கட்டளை) போடுகிறார்கள்.

*

இந்தியாவில் நிலமோ ஃபிளாட்டோ வைத்து அதற்குத் தனி உயில் எழுதியவர்கள் உஷார். 'இதற்குமுன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்' என்ற வரி அமெரிக்க டெம்ப்ளேட்டில் தானாகவே வரும். அப்படியே கையெழுத்துப் போட்டால் கோயம்புத்தூர் உயிலும் போச்சு. 'இந்தியச் சொத்துகளுக்கான உயில் நீங்கலாக' என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

*

உயில் காத்திருந்தாலும் பவர் ஆஃப் அட்டர்னியும் (உங்கள் சார்பில் பண விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரம்) மெடிக்கல் பவரும் (உங்களால் முடியாதபோது சிகிச்சை முடிவுகளை எடுக்கும் அதிகாரம்) காத்திருக்காது. பழையவை சட்டப்படி செல்லுபடியாகும், ஆனால் பழக்கமில்லாத படிவம் என்று வங்கி கவுண்டரில் இழுத்தடிப்பார்கள். டெக்சாஸ் படிவங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பவர் ஆஃப் அட்டர்னிக்கு நோட்டரி கட்டாயம். மெடிக்கல் பவருக்கு நோட்டரி அல்லது இரண்டு சாட்சிகள். 401கே எனும் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கு உயிலுக்குக் கட்டுப்படாது, அதன் பெனிஃபிஷியரி (பணம் யாருக்குச் சேர வேண்டுமோ அவர்) பெயரைத் தனியாகச் சரிபாருங்கள்.