கொபல்லாவவா, ஜே.ஆரா? திருகோணமலைக்காரர்களின் அனுபவங்கள்

ஓர்ஸ்ஹில் பொடியன்:
1996. பொது அறிவுப் போட்டி, கடைசிச் சுற்று. எந்த மண்டபம், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். கேள்வி இதுதான்: இலங்கையின் முதலாவது ஜனாதிபதி யார்? நான் வில்லியம் கொபல்லாவ என்று எழுதிக் கொடுத்தேன். நடுவர் தாளைப் பார்த்துவிட்டு, "பிழை. ஜே.ஆர். ஜெயவர்தன" என்றார். ஒரு புள்ளியால் தோற்றோம்.

அந்தப் பெயரை எனக்குச் சொல்லித் தந்தவர் அப்பா. 1972இல் அவர் அரச எழுதுவினைஞர். மே 22இல் நாடு குடியரசான பிறகு பழைய படிவங்களில் 'மகாதேசாதிபதி' என்று இருந்ததை எல்லாம் மையால் வெட்டி, மேலே 'ஜனாதிபதி' என்று எழுதினாராம். "ஆள் மாறவில்லை மகன், அதே கொபல்லாவதான். நேற்று வரை ராணியின் பிரதிநிதி, இன்றைக்கு நாட்டின் தலைவர்" என்பார். 1962இலிருந்து மகாதேசாதிபதியாக இருந்தவர் அப்படியே ஜனாதிபதியானார்.

நடுவர் பிழை என்றதும், சபையில் மூன்றாவது வரிசையில் இருந்த அப்பா எழுந்துவிட்டார். கையில் குடை. "சேர்..." என்று தொடங்கினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மேடையில் இருந்து, இருங்கோ அப்பா என்று கையால் காட்டினேன். அவர் இருந்துவிட்டார். அந்தப் புள்ளி போனது எனக்குப் பெரிதில்லை. நான் கையைக் காட்டியதுதான் இன்னும் உறுத்துகிறது. உங்களில் யாருக்காவது இந்த முதல் ஜனாதிபதி விஷயத்தில் ஏதும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

உப்புவெளி அக்கா:
தம்பி, உங்கள் அப்பா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பெயர் அப்படிச் சொல்லப்படவில்லை. 72இல் எனக்குப் பதினான்கு வயது. மே 14ஆம் தேதி இங்கே திருகோணமலையில்தான் தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரசும் மற்றவர்களும் கூடித் தமிழர் கூட்டணியைத் தொடங்கினார்கள். ஐயா அதற்குப் போய்த் தொண்டை கட்டி வந்தார். எட்டாம் நாள் குடியரசு. வானொலியில் பதவியேற்புச் செய்தி போகும்போது ஐயா எழுந்து திருகைத் திருப்பி நிறுத்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை. துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். வாளி கிணற்றில் விழுந்த சத்தம் வீட்டுக்குள் கேட்டது. இன்றைக்கும் யாராவது 'குடியரசு' என்றால் எனக்கு அந்த வாளிச் சத்தம்தான்.

குடியரசோடு வந்த அந்த 72 அரசியல் யாப்பில், சிறுபான்மையினருக்கு முன்பிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தந்த பாதுகாப்பு இல்லாமல் போனது. சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்பது யாப்புக்குள்ளேயே ஏறியது. தமிழரசுக் கட்சி அதற்கு முந்தைய வருடமே, யாப்பை ஆக்கிய அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியிருந்தது. அதனால் 'நாட்டின் தலைவர்' என்று நீங்கள் எழுதியதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. கொபல்லாவ கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவரைப் பிரதமர் நியமித்தார், மக்கள் தெரிவு செய்யவில்லை.

இன்னொன்று. ஆங்கிலத்தில் 'சிலோன்' போய் 'ஸ்ரீலங்கா' வந்தது. தமிழில் முத்திரையில் முன்பும் 'இலங்கை', பின்பும் 'இலங்கை'. என் முத்திரைக் கொப்பியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன்.

கிண்ணியா வாசி:
அக்கா சொன்ன 'தெரிவு' என்ற சொல்லுக்காகவே எழுதுகிறேன். 1982 ஒக்டோபர் 20, முதல் தடவையாக மக்கள் வாக்களித்து ஜனாதிபதியைத் தெரிவு செய்த நாள். உம்மா வாக்களித்துவிட்டு வந்தார். மை பூசிய விரலைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நடந்துவந்தது கண்ணில் நிற்கிறது. "இதற்கு முதல் இருந்தவருக்கு நாம் எப்ப வோட்டுப் போட்டோம்?" என்று வாப்பாவிடம் கேட்டார். வாப்பாவிடம் பதில் இல்லை. ஜே.ஆரும் 78இல் பதவிக்கு வந்தது வாக்கால் இல்லை. பிரதமராக இருந்தவர், யாப்பைத் திருத்தி ஜனாதிபதியானார்.

அந்தத் தேர்தலில் ஆறு பேர். ஜே.ஆர். 52.91 வீதம் எடுத்து வென்றார். 72 யாப்பை ஆக்கிய அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வாவும் போட்டியிட்டார், அவருக்கு ஒரு வீதம்கூட விழவில்லை. எங்கள் பக்கத்தில் அன்று இதைப் பற்றித்தான் பேச்சு.

ஓய்வு பெற்ற டீச்சர்:
நானும் இந்தப் பிழையைச் செய்தவள். ஒரு வருடம் முழுக்க வகுப்பில் ஜே.ஆர். என்றே சொல்லிக் கொடுத்தேன். ஒரு பிள்ளை தாத்தாவிடம் கேட்டு வந்து திருத்தினாள். கரும்பலகையில் என் கையாலேயே அழித்தேன்.

பிள்ளைகள் உள்ளவர்கள் கவனியுங்கள். வெறும் 'முதலாவது ஜனாதிபதி' என்றால் கொபல்லாவ, 1972 மே 22 முதல் 1978 பெப்ரவரி 4 வரை. 'முதலாவது நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி', அதாவது ஆட்சியைத் தானே நடத்தும் ஜனாதிபதி என்றால் ஜே.ஆர்., அன்றிலிருந்து 1989 ஜனவரி 2 வரை. வரிசையில் அவர் இரண்டாமவர். மூன்றாவது பிரேமதாச, 1993 மே தினத்தன்று கொல்லப்பட்டார். நான்காவது விஜேதுங்க. 'நிறைவேற்று' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடப் பழக்குங்கள், பாதிப் பிழை அங்கேதான் வருகிறது. இப்போதைய யாப்பு வந்தது 1978 செப்டெம்பர் 7. அதாவது ஜே.ஆர். முதல் ஏழு மாதம் பழைய யாப்பில்தான் ஜனாதிபதி. இதை வைத்தும் கேள்வி கேட்பார்கள்.

போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு, புள்ளி அறிவிக்கும் முன்பே பொறுப்பாசிரியர் மூலம் ஆட்சேபிக்கலாம் என்று சொல்லி வையுங்கள். பெற்றோர் சபையில் எழுந்து கதைப்பது சரிவராது. பிறகு, உப்புவெளி அக்கா, முத்திரையைப் பசையால் ஒட்டாதீர்கள். எங்கள் கடற்காற்றில் மஞ்சளாகிவிடும். கண்ணாடித் தாள் உறையில் போட்டு, தகரப் பெட்டியில் வையுங்கள், மாரி முடிந்ததும் ஒரு நாள் நிழலில் உலர விடுங்கள்.

உப்புவெளி அக்கா:
டீச்சர், கொப்பி இப்போது இல்லை. 1990இல் வீட்டை விட்டு ஓடும்போது அலுமாரியில் விட்டது. மற்றது, ஒரு தகப்பன் எழுந்து நின்றதைச் சரிவராது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஓர்ஸ்ஹில் பொடியன்:
நன்றி அக்கா. டீச்சர், நீங்கள் சொல்கிற முறை எங்களுக்கு அன்று தெரியாது. பொறுப்பாசிரியரும் பேசாமல் இருந்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா, கொபல்லாவ மாத்தளைப் பக்கத்து ஆள், கண்டியில் மாநகர ஆணையாளராக இருந்தவர், சீனாவில் தூதுவராக இருந்தவர் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சபையில் என்ன சொல்ல எழுந்தார் என்று நான் கேட்கவில்லை. அந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசைப் பக்கம் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், "சேர்" என்பதற்குப் பிறகு அவர் ஏதாவது சொன்னது உங்கள் காதில் விழுந்ததா என்று எழுதுங்கள்.