குருணையா, மணியா, அரியா?

அவைக்கு வணக்கம். திங்கட்கிழமை டிப்ளமோ மாணவர்களுக்குக் குழாய் எஃகின் அரிமானம் (உலோகம் அரிக்கப்படுவது), அதனால் வரும் வெடிப்பு பற்றித் தமிழில் பாடக்குறிப்பு தரவேண்டும். எஃகுக்குள் பொடிப்பொடிப் படிகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். அந்தப் படிகத்துக்கும் (ஆங்கிலத்தில் கிரெய்ன்), இரண்டு படிகம் சேரும் கோட்டுக்கும் பெயர் வேண்டும். 'குருணை எல்லை' என்றேன். ஒரு பையன், "வயலுக்குப் போடுற குருணை மருந்தா சார்?" என்கிறான்.
— பாலிடெக்னிக் ஆசிரியர்

குருணையா, குறுணையா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. நல்ல சொல் சிலம்பிலேயே இருக்கிறது. 'என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே' என்கிறாள் கண்ணகி. அரி என்றால் சிலம்பின் உள்ளிடு பரல். அரிசியும் அந்த வேர்தான் என்பேன். அரித்தலும் அரி! 'அரியெல்லை அரிமானம்', எவ்வளவு பொருத்தம்!
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, அழகுதான். ஆனால் கேள்வித்தாளில் வந்தால் எதை எது அரித்தது என்று பையன் முழிப்பான். சிங்கமும் அரி, திருமாலும் அரி. மணி போதும். மணியெல்லை.
— மொழிபெயர்ப்பாளர்

பெயர் எதுவானாலும் சரி, எல்லையில் ஓடும் வெடிப்பு, படிகத்தையே பிளக்கும் வெடிப்பு என்ற இரண்டு வகையையும் பிரித்துக் கொடுங்கள். மெருகேற்றிய எஃகுத் துண்டில் நைட்டால் (நைட்ரிக் அமிலம் 2 விழுக்காடு, மீதி ஆல்கஹால்) விட்டுச் சில நொடி பொறுத்தால் கண்ணாடி முகம் மங்கிவிடும். நுண்ணோக்கியில் கருங்கோட்டு வலை தெரியும். அமிலம் முதலில் கடிப்பது அந்த எல்லையைத்தான். அங்கே அணுக்களின் அடுக்கு ஒழுங்காக இராது, பாஸ்பரஸ் மாதிரி அழுக்கும் அங்கேதான் ஒதுங்கும். புதைத்த குழாயிலும் இதே கதை. பூச்சு உரிந்த இடத்தில் கார்பனேட், பைகார்பனேட் கலந்த காரநீர் தேங்கி, உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் குழாய்ச் சுவரை இழுத்துக்கொண்டிருந்தால், வெடிப்பு மயிரிழையாக எல்லையைப் பிடித்தே ஓடும். மணி முழுசாக இருக்கும், பிடிப்பு போய்விடும். 1965இல் அமெரிக்காவின் லூசியானாவில், நாக்கடிஷ் பக்கத்தில் வாயுக்குழாய் வெடித்து 17 பேர் இறந்தது இப்படி இழுவிசையும் அரிமானமும் சேர்ந்து உண்டாக்கும் தகைவு அரிமான வெடிப்பால்தான். நடுநிலையை ஒட்டிய நீரானால் வெடிப்பு மணியையே பிளந்துகொண்டு போகும்.
— உலோக ஆய்வகத்தான்

அப்போ எல்லையில் ஓடுவது மணியிடை, மணியைப் பிளப்பது மணியூடு?
— பாலிடெக்னிக் ஆசிரியர்

ஊடுபயிர் எங்கே போடுகிறார்கள்? இரண்டு வரிசைக்கு நடுவில். 'மணியூடு' என்றால் உழவர் வீட்டுப் பிள்ளை தலைகீழாகத்தான் எடுத்துக்கொள்ளும்.
— மொழிபெயர்ப்பாளர்

ஊடுருவல் மட்டும்? அது உள்ளே புகுவதுதானே! ஊடலுக்கும் இதே வேரா என்று தனி மடலில் எழுதுகிறேன்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

வேண்டாம் ஐயா. எங்கள் யாழ்ப்பாணத்தில் துருவைக் கறள் என்போம், அதையும் எங்கேயாவது சேர்த்துக்கொள்ளுங்கோ.
— யாழ்ப்பாணத்தான்

நகலெடுக்கக் கொடுத்துவிட்டேன்: மணியெல்லை, மணியிடை வெடிப்பு, மணிபிளக்கும் வெடிப்பு. கறள் அடுத்த பாடத்தில். எல்லோருக்கும் நன்றி.
— பாலிடெக்னிக் ஆசிரியர்

நகலெடுத்தால் ஆயிற்றா? கண்ணகி சொன்ன மணி மாணிக்கம். உங்கள் எஃகில் மாணிக்கம் எங்கே இருக்கிறது தம்பி?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்