பழைய அம்பாசடரை உடைப்புக்குக் கொடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். அப்பா விட்டுச்சென்ற 1984ஆம் ஆண்டு அம்பாசடரை நானே பழுது பார்த்து ஓட்டி வருகிறேன். வாகன உடைப்புக் கொள்கையின்படி இதைக் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

மறுமொழி 1: இல்லை ஐயா. 2021இல் வந்த அக்கொள்கை தனியார் வாகனங்களுக்கு விருப்பத்தின் பேரிலானது. முதல் பதினைந்து ஆண்டுப் பதிவு முடிந்ததும், தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். பழைய வண்டிகளுக்குத் தடை விதித்த டெல்லியின் கெடுபிடியைக் கேட்டுவிட்டு நம் பாலக்காட்டிலும் அதுதான் சட்டம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால், 600 ரூபாயாக இருந்த கார் புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கி, 20 ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ஆக உயர்த்தியது. கட்டாயம் இல்லை என்றாலும் கை கடிக்கத்தான் செய்யும்.

மறுமொழி 2: 'விண்டேஜ்' (அரும்பழம் வண்டி) பதிவுக்கு முயலலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்கு முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்டவும் கூடாது. பதினைந்து ஆண்டுக்கும் ஐம்பது ஆண்டுக்கும் இடையில் நிற்கும் உங்கள் வண்டி போன்றவற்றுக்குத்தான் விதிகளில் தனி இடம் இல்லை. எனக்குப் பெரிய கவலை உதிரிபாகம்தான். அம்பாசடர் உற்பத்தி 2014இலேயே நின்றுவிட்ட நிலையில், நசுக்கப்படும் ஒவ்வொரு வண்டியோடும் நமக்கு உதவக்கூடிய ஒரு கியர்பாக்ஸும் நான்கு கதவுகளும் போய்விடுகின்றன.

கேள்வி கேட்டவர்: நன்றி. கோவைப் பழைய இரும்புக் கடைகளில் கதவுக் கைப்பிடியை இப்போதே தேடத் தொடங்குகிறேன்.