ஒரே தெருவில் மூன்று விவாகச் சட்டம்: மதம் போட்டதா, ஆட்சி போட்டதா?

கேள்வி: பாடக்குறிப்பு

இலங்கையின் மலைநாட்டில் கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கம் ஒரே தெருவில் கண்டியச் சிங்களக் குடும்பம், முஸ்லிம் குடும்பம், தோட்டத்திலிருந்து இறங்கி வந்த தமிழ்க் குடும்பம் மூன்றும் இருக்கும். மூன்று வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கும் கல்யாணம், விவாகரத்து, சொத்துப்பங்கு எல்லாம் வெவ்வேறு சட்டம். உயர்தர (பள்ளி இறுதி வகுப்பு) மாணவர்களுக்கு மதமும் சட்டமும் பெண் நிலையும் பற்றி ஒரு குறிப்பு எழுதுகிறேன். "மதம் வேறு, அதனால் சட்டம் வேறு" என்று ஒரே வரியில் முடித்துவிடலாமா? மலையக இந்துக்களுக்கு எந்தச் சட்டம்? கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்டால் அது செல்லுமா? தெரிந்தவர்கள் ஆண்டு, இலக்கத்தோடு சொன்னால் உதவி.

பழைய கச்சேரி:

அந்த ஒரு வரி கண்டியிலேயே இடறும். பௌத்தம் விவாகத்தைச் சங்கத்தின் சடங்காக எடுத்துக்கொள்ளவில்லை. பிக்கு ஆசி வேண்டிப் பிரித் ஓதுவார், ஆனால் விவாகத்தை நடத்திவைப்பது அவர் வேலையல்ல. அதனால் கண்டி இராச்சியத்தில் கல்யாணம் என்பது இரண்டு குடும்பங்களும் காணியும் சம்பந்தப்பட்ட ஏற்பாடாகவே இருந்தது. சேர்வதும் லேசு, பிரிவதும் லேசு. பரவேணிக் காணி (பரம்பரைக் காணி) துண்டுபடாமல் இருக்க அண்ணன் தம்பிமார் ஒரே பெண்ணோடு குடும்பம் நடத்துவதும் வழக்கத்தில் இருந்தது. பெண்ணின் உரிமையைத் தீர்மானித்தது அவள் எங்கே குடியிருக்கிறாள் என்பது. கணவன் வீட்டுக்குப் போனால் தீக விவாகம், கணவன் இவள் வீட்டுக்கு வந்தால் பின்ன விவாகம்.

ஆங்கிலேயர் 1859இல் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கண்டியப் பிரதானிகளும் அதைக் கேட்டிருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டாம். ஒரு பெண்ணுக்குப் பல கணவர் என்பது சட்டவிரோதமாயிற்று. பதிந்தால்தான் விவாகம், பிரிய வேண்டுமென்றால் நீதிமன்றம். அதாவது விக்டோரியா காலத்துக் கிறிஸ்தவ ஒழுக்கம் பௌத்தக் கிராமத்துக்குச் சட்டமாக வந்தது. சனங்கள் பதியவில்லை, பழையபடியே சேர்ந்து வாழ்ந்தார்கள். விளைவு, ஊர் ஏற்றுக்கொண்ட பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறைகேடாகப் பிறந்தவர்களானார்கள், காணி வழக்குகள் குவிந்தன. 1870இல் 3ஆம் இலக்கச் சட்டத்தில் இருவர் சம்மதத்தோடு பதிவாளரிடமே பிரியும் வழியைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. இன்றைய 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டமும் அதே வழியில்தான் போகிறது. மாவட்டப் பதிவாளரே விவாகரத்துக் கொடுக்கலாம். ஆனால் பதியாத கண்டிய விவாகம் அந்தச் சட்டத்தின் கீழ் செல்லாது.

இப்போது மலையக இந்துக்கள். இவர்களுக்கு இந்துச் சட்டம் கிடையாது. பொதுச் சட்டம்தான்: 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமும், அதன் பின்னால் நிற்கும், ஒல்லாந்தர் விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டமும். விவாகரத்துக்குக் காரணம் மூன்றே மூன்று. விபசாரம், வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், கல்யாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. முதல் இரண்டும் ஒல்லாந்துச் சீர்திருத்தச் சபை மத்தேயு சுவிசேஷத்தையும் பவுலின் கொரிந்தியர் நிருபத்தையும் வாசித்து ஏற்றுக்கொண்ட காரணங்கள். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிய ஹட்டன் தம்பதி பிரிய வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் அந்தச் சபையினர், அதாவது கல்வினின் சீடர்கள், வகுத்த குற்றங்களில் ஒன்றையோ அந்த ஆண்மைக்குறைவையோ நிரூபிக்க வேண்டும். இருவரும் சம்மதித்தால் மட்டும் போதாது. பக்கத்து வீட்டுக் கண்டியத் தம்பதிக்குப் போதும். மாணவர்களுக்கு இந்த ஒரு உதாரணத்தை விரித்துச் சொன்னாலே பாதிப் பாடம் முடிந்தது.

உறுதியும் வரைபடமும்:

மேலே சொன்னதோடு உடன்பாடு. சொத்துப் பக்கத்தை நான் சேர்க்கிறேன், பெண்ணுக்கு உண்மையில் உறைப்பது அங்கேதான்.

பொதுச் சட்டத்தில் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். உயில் எழுதாமல் இறந்தால் வாழ்க்கைத் துணைக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளைகளுக்கு. ஆண், பெண் சமபங்கு. இந்தியாவில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குள்ள பிறப்புரிமை மகளுக்கும் நாடு முழுதும் கிடைத்தது 2005இல்தான். "நம்ம வழக்கப்படி பொம்பளைப் பிள்ளைக்கு நகைதான், காணியில் பங்கில்லை" என்று வீட்டில் சொல்வது வழக்கம், சட்டமல்ல. மகள் கையொப்பம் வைத்து விட்டுக்கொடுத்தால் பங்கு போய்விடும். அதனால் எந்தத் தாளிலும் வாசிக்காமல் கையொப்பம் வைக்கக்கூடாது.

கண்டியப் பெண், தகப்பன் உயிரோடிருக்கும்போது தீகப் போனால், உயில் இல்லாத பட்சத்தில் தகப்பன் சொத்தில் உரிமையை இழக்கும் நிலை வரும். விவாகப் பதிவில் தீகவா பின்னவா என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் தீக என்றே ஊகிக்கப்படும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கம், அவரவர் மத்ஹப் (இஸ்லாமியச் சட்டப் பிரிவு) படி. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று.

மலையகத்துப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டம்) உட்பட்ட யாழ்ப்பாணத்தவரைக் கட்டினால், அந்த விவாகம் நிலைக்கும் காலம் வரை அவளும் தேசவழமைக்கு உட்பட்டவள். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கம், 3ஆம் பிரிவு. தன் பெயரில் உள்ள காணியை விற்கவும் பொதுவில் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இருவரும் சைவர்கள்தான், மதம் மாறவில்லை, சட்டம் மட்டும் மாறிவிடுகிறது.

இன்னும் ஒன்று. லயத்து அறை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறை) தோட்டத்துக்குச் சொந்தம், பங்கு போட ஒன்றுமில்லை. சமபங்குச் சட்டம் இருந்தும் நூறு வருடத்துக்கு மேல் அது பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் அந்தரத்தில் நின்றதற்குக் காரணம் மதமல்ல. இப்போது 7 பேர்ச் காணியோடு வீடு வரும்போது காணி உறுதி (பத்திரம்) யார் பெயரில் என்பதைப் பார்க்க வேண்டும். "குடும்பத் தலைவர்" என்று ஆணின் பெயரை மட்டும் எழுதுவது அலுவலகப் பழக்கம். கூட்டுப் பெயரில் கேளுங்கள்.

பாடக்குறிப்பு:

மிக்க நன்றி. தாலி மட்டும் கட்டினவர்கள் விஷயம்? இரண்டாம் கல்யாணத்துக்காக மதம் மாறுகிறார்களே, அதுவும் செல்லுமா?

சாட்சி இருவர்:

தாலி செல்லும். பொதுச் சட்டத்தில் பதிவு கட்டாயமில்லை. வழக்கப்படி சடங்கு நடந்து, கணவன் மனைவியாக வாழ்ந்து, ஊரும் அப்படியே ஏற்றுக்கொண்டால் விவாகம் என்று நீதிமன்றம் ஊகிக்கும். சிக்கல், அந்த ஊகத்தை எதிர்த்தரப்பு உடைக்கலாம். கணவன் இறந்தபின் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்துக்கு இன்னொருத்தி பதிவுச் சான்றிதழோடு வந்தால், தாலி கட்டியவள்தான் ஐயரையும் சாட்சிகளையும் தேடி அலைய வேண்டும். அழைப்பிதழ், படம், வாக்காளர் இடாப்பு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தோட்டத்துப் பதிவேடு எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும்.

பதிவது இப்படி: அந்தப் பதிவாளர் பிரிவில் குறைந்தது 10 நாள் வசித்தபின் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அது பதிவாகி 12 நாள் கழித்துச் சான்றிதழ், மூன்று மாதத்துக்குள் இரண்டு சாட்சிகளோடு விவாகம். அவசரமென்றால் விசேட அனுமதிப்பத்திரம். ஏற்கெனவே தாலி கட்டியவர்களும் இதே வழியில் பதியலாம், ஆனால் சான்றிதழில் பதியும் நாள்தான் வரும், தாலி கட்டிய நாள் வராது. வழக்கமாக இழுபடுவது பெயரில். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு எழுத்து, தகப்பன் பெயர் விடுபட்டது. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் முதலில் அதைத் திருத்திக்கொண்டு வர வேண்டும்.

மதம் மாறி இரண்டாம் கல்யாணம்: ரீட் வழக்கில் 1960களில், அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், அது செல்லும் என்றது. கிறிஸ்தவராகக் கல்யாணம் செய்தவர் இஸ்லாத்துக்கு மாறி மறுபடி முடித்திருந்தார், குற்றமில்லை என்று தீர்ந்தது. மூன்று தசாப்தம் அதுதான் வழி. 1998 சட்ட அறிக்கையில் வெளியான அபேசுந்தர வழக்கில் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் அதைத் தூக்கிப்போட்டது. முதல் ஒருதார விவாகம் சட்டப்படி கலையாதவரை, மதம் மாறினாலும் இரண்டாவது செல்லாது. பாடக்குறிப்பில் ரீட்டை மட்டும் எழுதிவிட வேண்டாம், பழைய குறிப்புகளில் அது இன்னும் கிடக்கிறது.

முஸ்லிம் விவாகம் பற்றி எழுதும்போது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தையும் மார்க்கத்தையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். காதி (முஸ்லிம் விவாக வழக்குகளின் நீதிபதி) ஆணாகவே இருக்க வேண்டும், பதிவில் மணமகள் கையொப்பத்துக்கு இடமில்லை என்பதெல்லாம் அந்தச் சட்டத்தின் வாசகங்கள். 1995இல் பொதுச் சட்டத்தில் விவாக வயது 18 ஆனபோது இந்தச் சட்டம் அதில் சேரவில்லை. இதை மாற்றக் கேட்பவர்களில் முன்னால் நிற்பவர்கள் முஸ்லிம் பெண்கள். இந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் அமைத்த மர்சூப் குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது, அதுவும் இரண்டு அணியாகப் பிரிந்து. நீதிமன்றத்தில் சமத்துவம் கேட்டுப் போகவும் முடியாது: 1978 அரசியல் யாப்பின் 16ஆம் உறுப்புரை, அன்றிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. கண்டியத் தீகப் பெண்ணுக்கும், தேசவழமைக்கு உட்பட்ட மனைவிக்கும், காதி முன் நிற்பவளுக்கும் கதவை அடைப்பது அந்த ஒரே உறுப்புரைதான்.