ஓர்த்தோனா – வாஸ்தோ சைக்கிள் பயணம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் இத்தாலியின் அப்ருஸோ கரையில், பழைய ரயில் தடத்தில் போட்ட பாதையில் சுமார் 40 கி.மீ. சைக்கிள் பயணம். வாடகை சைக்கிளை வாஸ்தோவிலேயே ஒப்படைக்க முடியுமா? இல்லையென்றால் வட்டார ரயிலில்தான் திரும்ப வேண்டும். சைக்கிளை ஏற்ற, சைக்கிள் படம் போட்ட பெட்டி. வாஸ்தோ ஸ்டேஷன் கீழே, ஊரிலிருந்து சில கி.மீ. தள்ளி, ஊரோ மேட்டில். அந்த ஏற்றம் சுமையோடு எப்படி?

முக்கியமாக த்ரபோக்கோ: கடலுக்குள் மரக்கால் நட்டு, பலகை பாவி, பெரிய வலையை இறக்கி ஏற்றும் மீன்பிடி மேடை. சில இப்போது உணவகங்கள். சீசன் முடிகிற நேரத்தில் வார நாள் மதியம் திறந்திருக்குமா? எத்தனை நாள் முன்பே இடம் சொல்லி வைக்க வேண்டும்?

வாஸ்தோ அருகே உள்ள மொத்தாக்ரோஸ்ஸா கடற்கரை முழுக்கக் கூழாங்கல். ரப்பர் செருப்பு எடுத்தாயிற்று.