கொல்லிமலையில் தங்கியவர்களும் வந்துபோனவர்களும்

கொல்லிமலைக்குக் கிறிஸ்தவ ஊழியம் என்று யார் வந்தாலும் ஊர்ப் பெரியவர்கள் முதலில் கேட்பது, ‘எத்தனை நாள் இருப்பீர்கள்?’ என்பதைத்தான். எந்தச் சபை, என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் பிறகு. வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு மிஷன் மருந்தகத்தில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடமும் அதையே கேட்டார்கள். வயதானவர்களோடு பழகிய பிறகுதான் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது.

1913-இல் திருமணமான கையோடு இந்த மலைக்கு வந்தவர்கள் ஆங்கிலேய மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் இன்றைய சாலை அப்போது கிடையாது. நடந்து ஏற வேண்டும், முடியாதவர்களை டோலியில் தூக்கி வருவார்கள். வைத்தியம் பார்த்தார்கள், பள்ளி நடத்தினார்கள். ஆனால் ஆண்டுகள் ஓடியும் யாரும் சபையில் சேரவில்லை. ஊர்ப் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்து நின்றார். 1918–19 விஷக்காய்ச்சல் (இன்ஃப்ளூயன்சா) மலையையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் பூசாரி படுத்த படுக்கையானபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்கள் இவர்கள்தான். சாகும் தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை இவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். எதிரி என்று நினைத்தவரிடம் பிள்ளையைக் கொடுக்கும் அளவுக்கு அந்த மனிதர் எதைக் கண்டிருப்பார் என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

மருந்தகத்துக்கு வந்த ஒரு தாத்தா, கணுக்காலுக்கு மேலே இருந்த பழைய தழும்பைக் காட்டி, “இது நரம்புச் சிலந்தி அம்மா” என்றார். கினிப் புழு உடலுக்குள் வளர்ந்து வரும் நோய் அது. இன்றைய நர்சிங் மாணவிகள் அதைப் பாடத்தில் மட்டும் படித்திருப்பார்கள். காலில் கொப்புளம் கிளம்பி எரியும். எரிச்சல் தாளாமல் குட்டையிலோ படிக்கிணற்றிலோ காலை நனைத்தால், கொப்புளம் உடைந்து புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்து அதே கொப்புளம் வரும். தலைகாட்டும் புழுவைச் சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுத்துவிட்டால் கால் சீழ் கோத்துக்கொள்ளும். ஜெஸ்ஸி பிராண்ட் இப்படிக் குச்சி சுற்றியே எத்தனையோ புழுக்களை எடுத்திருக்கிறார். கூடவே, தண்ணீரில் யாரும் கால் வைக்க முடியாதபடி கிணறுகளைக் கட்டச் சொல்லி ஊர் ஊராக மன்றாடியிருக்கிறார். இந்த நோயின் கடைசி நோயாளி இந்தியாவில் 1996-இல் பதிவானார். 2000-இல் நாடே இதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஜெஸ்ஸி 1929-இல், 44 வயதில், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் ஈவ்லின் ஊருக்குப் போகவில்லை. தாமாகவே மலையேறி வந்து, பச்சைமலை, கல்வராயன் மலை என்று அண்டை மலைகளிலும் சுற்றினார். குதிரையில் வருவாராம். இடுப்பெலும்பு முறிந்த பிறகும் இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டு வந்தாராம். 1974-இல், 95 வயதில் காலமானார். தாத்தா அவரைச் சிறுவனாக இருந்தபோது பார்த்தவர். “அந்தக் கிழவியம்மா கீழே போய்விடவில்லை” என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இதையெல்லாம் கேட்ட காதுக்கு, நான் அங்கே இருந்தபோது நடந்த ஒன்றைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மாரியம்மன் திருவிழா நேரம். சமவெளியிலிருந்து ஒரு வேன் வந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு, துண்டுப்பிரசுரம், சேலை விநியோகம். அந்த மக்கள் கும்பிடும் தெய்வத்தைப் பெயர் சொல்லிப் பழித்து ஒரு பிரசங்கம். சாயங்காலத்துக்குள் வேன் இறங்கிப் போய்விட்டது. மறுநாள் காலை ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் மருந்தகத்துக்கு வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“அவர்கள் போய்விட்டார்கள் அம்மா. நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். அதனால் உங்களிடம்தான் சொல்ல முடியும்” என்றார்.

“ஐயா, அவர்கள் பேசியது தவறு. எங்கள் ஆண்டவர் அப்படிப் பேசச் சொல்லவில்லை” என்றேன்.

“உங்களுக்குத் தெரிகிறது. ஊருக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

அதன் பிறகு பல வாரங்களுக்குத் தாய்மார்கள் தடுப்பூசிக்குக் குழந்தைகளைக் கொண்டுவரவில்லை. வீடு வீடாக நான்தான் போனேன். ஒருநாள் பிரசங்கம், ஆண்டுக்கணக்கில் சேர்த்த நம்பிக்கையை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதைச் செய்தவர்களுக்கு அது இன்றுவரை தெரியாது என்பதுதான் என் வேதனை.

அந்த வாரங்களில் கிளம்பிய இன்னொரு வதந்தி: சபைக்குப் போனால் சாதிச் சான்றிதழ் பறிபோய்விடும். பிளஸ் டூ முடித்த ஒரு பெண் அழுதுகொண்டே வந்து கேட்டாள். பட்டியல் சாதிகளுக்கான 1950 ஆணையில் மதக் கட்டுப்பாடு உண்டு. பழங்குடிகளுக்கான ஆணையில் அது கிடையாது. இந்த மலையில் வாழும் மலையாளி சமூகத்தார் (கேரளத்து மலையாளிகள் அல்ல) எந்த மதத்தில் இருந்தாலும் பழங்குடியினர்தான். இதை எழுதிக் கொடுத்து, பள்ளித் தலைமையாசிரியரிடமும் விளக்கச் சொன்ன பிறகே அவள் தேறினாள். பிரசங்கிக்கத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சட்டம் தெரியும்? அந்தப் பிள்ளையின் கல்லூரிப் படிப்பே அந்த ஒரு தாளில் நிற்கிறது.

மலை ஊழியத்துக்கு வர விரும்பும் தம்பி தங்கைகள் என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். வாருங்கள், மனமார வரவேற்கிறேன். ஆனால் வாடகைக்கு வீடு பிடித்துவிட்டு வாருங்கள். ஒரு மழைக்காலமாவது முழுதாக இருங்கள். ஊர்க்கவுண்டரைப் பார்த்துப் பேசாமல் ஒலிபெருக்கியைத் தொடாதீர்கள். தங்க முடியாத சபைகள் வேனுக்குச் செலவிடும் பணத்தை ஒரு நர்ஸின் சம்பளத்துக்கோ விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கோ அனுப்பட்டும். இரண்டுக்குமே அங்கே ஆண்டு முழுவதும் தட்டுப்பாடு இருக்கிறது.